ஒரு படி கீழே நின்று பாடுகிறவர்கள்: எருசலேமில் ஒரு வாரம்

திங்கள்

எங்களோடு வந்த திருப்பயணக் குழு நேற்று இரவு விமானம் ஏறிவிட்டது. நாசரேத், கலிலேயாக் கடல், பெத்லகேம் எல்லாம் பார்த்து முடித்து, ஆளுக்கொரு பாட்டிலில் யோர்தான் தண்ணீரோடு ஊருக்குக் கிளம்பினார்கள். நான் மட்டும் இன்னும் ஒரு வாரம் இங்கே இருக்கிறேன். எதற்கு என்று குழுவில் எல்லோரும் கேட்டார்கள். பாட்டுக் கேட்க என்றேன்.

விஷயம் இதுதான். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் பதினெட்டு வருஷமாகப் பாட்டு நடத்துகிறேன். முதலில் ஒரு ஆர்மோனியம் இருந்தது. அப்புறம் கீபோர்டு, அப்புறம் நாலு மைக், அப்புறம் பாட்டு வரிகளைக் காட்டத் திரை. போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் இரண்டாம் பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓட ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தில் நான் கேட்டது பாடகர் குழுவின் பத்துக் குரல்களை மட்டுமே. கோவில் நிறைய ஆட்கள், நானூறு பேராவது இருப்பார்கள், கையில் பாட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள், பாடவில்லை. எத்தனை வருஷமாக இப்படி இருந்ததோ, ஸ்பீக்கர் சத்தத்தில் எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. அந்த நிமிஷம் இன்னும் என்னை விடவில்லை.

யூதர்களின் ஜெப ஆலயங்களில், குறிப்பாகப் பழைய முறைப்படி நடக்கிறவற்றில், வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வுநாளில் வாத்தியம் கிடையாது, மைக் கிடையாது. எருசலேமின் பழைய தேவாலயம் இடிக்கப்பட்ட துக்கம் ஒரு காரணம் என்பார்கள். வாத்தியம் பழுதானால் ஓய்வுநாளில் உட்கார்ந்து சரிசெய்யத் தோன்றிவிடும் என்பது ரபிமார், அதாவது யூத வேத போதகர்கள், சொன்ன இன்னொரு காரணம். எப்படியோ, வெறும் தொண்டையை வைத்துக்கொண்டு சபை முழுக்கப் பாடுகிறது. பாட்டு நடத்துகிறவர் பெரும்பாலும் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேதச் சுருள்கள் இருக்கும் பேழையைப் பார்த்து நிற்கிறார். முகம் தெரியாமல், கை ஆட்டாமல் ஒருவர் எப்படி நூறு பேரைப் பாடவைக்கிறார் என்று பார்க்கத்தான் இந்த ஒரு வாரம்.

நஹ்லாவோத் என்ற பழைய குடியிருப்பில் ஒரு சின்ன அறை எடுத்திருக்கிறேன். ஆட்டோ நுழைய முடியாத சந்துகள், கல் வீடுகள், மூலைக்கு மூலை ஜெப ஆலயம். சிலது எங்கள் ஊர் வீட்டு முன்னறை அளவுதான் இருக்கும். சாயங்காலம் அப்படி ஒன்றில் போய் ஓரமாக உட்கார்ந்தேன். பத்துப் பேர் சேர்ந்தால்தான் சபை ஜெபம் நடக்கும், அதற்கு மின்யான் என்று பெயர். ஒன்பது பேர் இருந்தார்கள். வாசலில் நின்று தெருவில் போகிற ஒருவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள், அவரும் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார், ஆரம்பித்துவிட்டார்கள்.

அங்கே நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். நடத்துகிறவர் நிற்கும் இடத்தில் தரை ஒரு படி தாழ்ந்திருந்தது. பழைய கட்டடம், தரை உட்கார்ந்துவிட்டது போல என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டால், வேண்டுமென்றே அப்படிக் கட்டியது என்கிறார். ஜெபம் பண்ணுகிறவன் உயரமான இடத்தில் நிற்கக் கூடாது, தாழ்வான இடத்தில் நிற்க வேண்டும் என்று தல்மூத், ரபிமாரின் விவாதங்களைத் தொகுத்த பழைய நூல், சொல்கிறது. அதற்குக் காட்டும் வசனம் 130ஆம் சங்கீதம்: "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." நடத்தப் போகிறவரைப் பற்றிச் சொல்லும்போதுகூட 'பேழைக்கு முன் இறங்குகிறார்' என்றுதான் பழைய நூல்களில் வருமாம். எங்கள் கோவிலில் பாடகர் குழு மூன்று படி ஏறி மேடையில் நிற்கிறது.

செவ்வாய்

காலை முழுக்க மழை, குளிர். மஹனே யெஹூதா சந்தையில் சூடாக ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு அறைக்கு வந்து படுத்துவிட்டேன். மத்தியானத்துக்கு மேல்தான் நாள் தொடங்கியது.

ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கடிதம் எழுதித் தொடர்பு வைத்திருந்த ஒரு அம்மா, தன் சபையில் இருபது வருஷமாகப் பாட்டு நடத்துகிறவர், வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. அறுபது வயதிருக்கும். அவர் சமையலறை மேசையில்தான் முழுப் பாடமும் நடந்தது. பருப்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது, அவர் மரக்கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

முதலில் பெயர். நடத்துகிறவருக்கு எபிரெயத்தில் 'ஷலியாஹ் ட்சிபுர்'. சபை அனுப்பிய ஆள், சபையின் தூதர் என்று பொருள். பாடகர் என்ற அர்த்தமே அந்தப் பெயரில் இல்லை. இது ஆசாரிய வேலையும் இல்லை, முறை தெரிந்த யாரும் செய்யலாம். செய்யச் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவை மறுக்க வேண்டும், இரண்டாம் தடவை தயங்க வேண்டும், மூன்றாம் தடவை எழுந்து போக வேண்டும் என்று தல்மூத்தில் ஒழுங்கே இருக்கிறது. உடனே குதித்து எழுந்தாலும் தப்பு, மூன்றுக்கு மேல் பிகு பண்ணினாலும் தப்பு. ஹஸான் என்று சம்பளத்துக்குப் பாடும் பெரிய வித்துவான்களும் உண்டு. அவர்களைக் கேட்கத் தனிக் கூட்டமே வரும். அந்த அம்மா அவர்களை மதிக்கிறார். ஆனால் அவர்கள் பாடும்போது சபை கேட்கிறது, எனக்கு வேண்டியது சபை பாடுவது என்றார். ஜெர்மனியில் சேசன் என்ற ஊரில் 1810இல் ஜெப ஆலயத்துக்குள் ஆர்கன் கொண்டுவந்தார்கள், அமெரிக்காவில் இன்று கிட்டாரோடு நடத்தும் சபைகள் ஏராளம். அங்கெல்லாம் நன்றாகப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள், வாயைத் திறக்காதவர்களும் இருக்கிறார்கள், வாத்தியத்தின் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது என்றும் சொன்னார். இது எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம் சுருதி. தனக்கு வசதியான சுருதியில் தொடங்குவதுதான் புதிதாக நடத்துகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. நல்ல குரல் உள்ளவர் என்றால் கேட்கவே வேண்டாம், இரண்டாம் அடி மேலே போகும்போது சபையில் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். பாட்டின் உச்சி எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும், அந்த உச்சியைச் சபை எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி இறங்கித் தொடக்கத்தைப் பிடிக்க வேண்டும். அவர் பாடிக் காட்டியதை நான் என் கணக்கில் வைத்துப் பார்த்தேன், உச்சி இரண்டு கட்டை ஷட்ஜத்தைத் தாண்டவே இல்லை. அவருடைய சொந்தக் குரல் அதற்கு மேல் வெகுதூரம் போகும்.

இடம். இருநூறு நாற்காலி போட்ட கூடத்தில் நாற்பது பேர் சிதறி உட்கார்ந்தால் எந்தத் தேவதூதன் வந்து நடத்தினாலும் பாட்டு எழும்பாது. பக்கத்து ஆளின் மூச்சு கேட்கிற தூரத்தில் உட்கார வேண்டும். தனக்குச் சுற்றிலும் ஒரு கை தூரத்தில் நாலைந்து பேரை, பெரிய பாடகர்களாக இல்லாவிட்டாலும் கூச்சப்படாமல் வாய் திறக்கிறவர்களை, அவர் நிற்கவைத்துக்கொள்வார். சத்தம் அங்கிருந்து வளையம் வளையமாக வெளியே போகும்.

சங்கீதங்களைப் படிக்கும் முறை எனக்கு முற்றிலும் புதிது. ஒவ்வொருவரும் தன் வேகத்தில் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்துக்கொண்டே போகிறார்கள். நடத்துகிறவர் கடைசி ஒன்றிரண்டு வசனங்களை மட்டும் உரக்க ராகமாக எடுக்கிறார். முந்தினவர்கள் காத்திருக்கிறார்கள், பிந்தினவர்கள் எட்டிப் பிடிக்கிறார்கள், எல்லோரும் அந்த வரியில் ஒன்றுகூடி அடுத்த சங்கீதத்துக்குப் போகிறார்கள். அந்த ராகச் சாயலுக்கு நுஸாஹ் என்று பெயர். நேரத்துக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வந்தாலும் இது வெள்ளி மாலையா வேலைநாள் காலையா என்று காது சொல்லிவிடும். வெள்ளி மாலைச் சங்கீதங்களுக்கு அவர் பாடியது கிட்டத்தட்ட ஹரிகாம்போதி. இன்னொரு சாயல், 'அஹவா ரபா' என்கிறார்கள், அது அச்சு அசலாக வகுளாபரணத்தின் சுரங்கள். நான் சரிகமபதநி சொல்லி அதையே திருப்பிப் பாடினேன், அவர் கரண்டியை ஆட்டுவதை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பாடச் சொன்னார்.

கடைசியில் நிகுன். வார்த்தையில்லாப் பாட்டு. 'யா-ப-பம்', 'லை-லை-லை' என்று வெறும் அசைகள்தான். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த ஹஸிதிய மார்க்கத்தார் இதை வளர்த்தார்கள். மூன்று பகுதி உள்ள ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் பகுதி அடியில் ஊர்கிறது, இரண்டாவது மேலே ஏறுகிறது, மூன்றாவதில் ஒரு திருப்பம் இருக்கிறது, அங்கே நான் மூன்று தடவை தவறினேன். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மேசையில் 'தும்' என்று அடித்து, விரல் நுனியால் 'தக' என்று தட்டித் தாளம். ஒரே நிகுனை எத்தனை தடவை பாடுவீர்கள் என்றேன். முதல் இரண்டு தடவை கற்றுக்கொள்வார்கள், மூன்றாவதில் பாடுவார்கள், அதற்கப்புறம்தான் அது அவர்களுடையது ஆகிறது, நாம் அந்த நேரம் பார்த்துச் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறோம் என்றார்.

புதன்

இஸ்ரேல் அருங்காட்சியகம். சாக்கடல் சுருள்களைக் குழுவோடு ஏற்கெனவே பார்த்தாயிற்று. இன்று போனது வேறொன்றுக்கு. உலகத்தின் நாலு மூலையிலிருந்து நாலு ஜெப ஆலயங்களின் உட்புறத்தைப் பெயர்த்துக்கொண்டுவந்து இங்கே வைத்திருக்கிறார்கள். ஒன்று ஜெர்மனி, ஒன்று இத்தாலி, ஒன்று சூரினாம், ஒன்று கொச்சி.

மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெப ஆலயம், 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே நுழைந்து தலையைத் தூக்கினால் மரக் கூரை முழுக்கச் செதுக்குவேலை, தாமரைகள். இத்தனை நாள் வெள்ளைக் கல்லையே பார்த்த கண்ணுக்கு அந்த மரத்தைக் கண்டதும் தொண்டையை அடைத்தது. நம் பக்கத்துத் தச்சர் கை.

கேரளத்து ஜெப ஆலயங்களில் மட்டும் காணும் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கும் மேடை கீழே கூடத்தின் நடுவில் ஒன்று, மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இன்னொன்று. பண்டிகை நாட்களில் மேல் மேடையிலிருந்து வாசிப்பார்கள், பெண்களுக்குக் கைக்கெட்டும் தூரம். பாட்டிலும் கொச்சிப் பெண்கள் ஒதுங்கி நின்றவர்கள் இல்லை. எபிரெயப் பாட்டுகளை ஆண்களோடு சேர்ந்து உரக்கப் பாடியிருக்கிறார்கள், அது போக மலையாளத்தில் அவர்களுக்கென்று தனிப் பாட்டுச் செல்வமே இருந்தது. கல்யாணத்துக்கு, பண்டிகைக்கு, வேதாகமக் கதைகளுக்கு என்று பாட்டுகள். எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகங்களில் மலையாள எழுத்தில் எழுதி அம்மாவிடமிருந்து மகளுக்குக் கொடுத்துவந்தார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்கு வந்தபோது நோட்டுகளும் பெட்டிக்குள் வந்தன. அந்தப் பாட்டுகளில் கிளி வரும். மலையாளத்திலும் கிளி, நமக்கும் கிளி.

வழிகாட்டி ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு எபிரெயத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். நான் அவர்கள் போகும்வரை காத்திருந்து, ஆளில்லாத நேரத்தில், மெதுவாக ஒரு சுரம் பிடித்துப் பார்த்தேன். மரக் கூரை குரலை வாங்கிக்கொள்கிறது, கல் கட்டடம் போல எதிரொலிக்கவில்லை. இப்படி ஒரு கூடத்தில் ஒருவர் மட்டும் பாடினால் குரல் தனியாகத்தான் நிற்கும், பலர் பாடினால்தான் நிறையும்.

வியாழன்

திங்களும் வியாழனும் தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள், வாசிக்கும் நாட்கள், அதனால் பழைய தேவாலய வளாகத்தின் மிச்சமான மேற்குச் சுவரில் பதின்மூன்று வயதுப் பையன்களின் பார் மிட்ஸ்வா, வயதுக்கு வந்த சடங்கு, வரிசையாக நடக்கும். கொட்டு, கொம்பு, கைதட்டல். தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மாக்களும் பாட்டிகளும் நாற்காலி மேல் ஏறி நின்று குலவை போட்டு மிட்டாய் வீசினார்கள், நம்மூர்க் குலவையேதான். ஒரே நேரத்தில் ஏழெட்டுக் கூட்டங்கள் ஏழெட்டுப் பாட்டுப் பாடுகின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் கொட்டுக்காரர் ஒருவர். அவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் அதே வரியைத் திருப்பிச் சொல்கிறது, அவர் நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடுகிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் நான் தேடி வந்தது இதில்லை.

நாளை மாலை முதல் எழுத முடியாது. ஓய்வுநாளில் எழுதுவதோ போன் எடுப்பதோ கிடையாது. யூத வீட்டில் விருந்தாளியாக இருக்கப் போகிறேன், அவர்கள் முறைதான் எனக்கும். சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகு பார்க்கலாம்.

சனி, இரவு

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, நேற்றிலிருந்தே வருகிறேன்.

இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. இந்த ஓய்வுநாளுக்கு 'ஷபாத் ஷிரா', பாட்டின் ஓய்வுநாள் என்று பெயர். செங்கடலைக் கடந்தபின் மோசேயும் இஸ்ரவேலரும் பாடிய பாட்டு, யாத்திராகமம் 15, இந்த வாரம்தான் வாசிக்கப்படும். வெள்ளி மத்தியானம் சந்துகளில் பிள்ளைகள் ரொட்டித் துணுக்குகளை இறைத்துக்கொண்டிருந்தார்கள். பறவைகளுக்காம், பாட்டின் ஓய்வுநாளில் பாடுகிறவற்றுக்கும் விருந்து.

நாலரைக்குச் சங்கு ஊதியது. எருசலேமில் சூரியன் மறைய நாற்பது நிமிஷம் முன்பே விளக்கேற்றிவிடுவார்கள். டிராம் நின்றது, கடைகள் மூடின. பத்து நிமிஷத்தில் ஊர் அப்படியே அடங்கியது. கேட்பதற்குக் காது கிடைத்தது போல இருந்தது எனக்கு.

அந்த அம்மாவின் சபைக்குப் போனேன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் மெல்லிய திரை. நடத்தும் மேடை இரண்டுக்கும் பொதுவாக நடுவில். பழைய முறைச் சபைகளில் பெண்கள் நடத்துவது அபூர்வம், எருசலேமில் 2002இல் தொடங்கிய ஷிரா ஹதாஷா என்ற சபை இந்த வழியைத் திறந்தவற்றில் ஒன்று, இப்போது இப்படிப் பல சபைகள் இருக்கின்றன.

வெள்ளி மாலை வரவேற்பில் ஆறு சங்கீதங்கள், 95 முதல் 99 வரை, பிறகு 29. ஒரு வாரத்தின் ஆறு வேலைநாட்களுக்கு ஒவ்வொன்று. 95 தொடங்கும்போது எனக்குள் தமிழ்தான் ஓடியது: கர்த்தரைக் கெம்பீரமாய்ப் பாடி. அவர் பாட்டு எண் சொல்லவில்லை, 'எழுந்து நிற்போமாக' சொல்லவில்லை. தாழ்ந்த சுருதியில் மெதுவாக எடுத்தார், இரண்டாம் வரிக்குள் பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் சேர்ந்தார்கள், நாலாம் வரியில் அறையே சேர்ந்துவிட்டது. யாரோ மேலே ஒரு சுரம் பிடித்தார்கள், யாரோ கீழே, யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. நான் அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன். சபை பிடித்துக்கொண்ட அந்தக் கணத்தில் அவர் குரலைக் குறைத்தார். நாங்கள் எல்லாம் அந்த இடத்தில் மைக்கை இன்னும் கிட்டே இழுப்போம்.

அடுத்து ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கும் பாட்டு. சாஃபேத் ஊரில் 16ஆம் நூற்றாண்டில் ஷ்லோமோ அல்கபெத்ஸ் எழுதியது. ஒன்பது கண்ணிகள், முதல் எட்டின் தலையெழுத்துகளைச் சேர்த்தால் 'ஷ்லோமோ ஹலேவி' என்று அவர் பெயர் வரும். வரிகள் மாறவே மாறாது, மெட்டுக்குக் கணக்கே கிடையாது. எந்த மெட்டில் பாடுவது என்பது நடத்துகிறவர் கையில். நடுவில் ஒரு கண்ணியில் மெட்டை மாற்றிக் கூட்டத்தை எழுப்பிவிடும் வழக்கமும் உண்டு, நேற்று அப்படித்தான் செய்தார், சோகச் சாயலிலிருந்து சட்டென்று துள்ளலுக்கு. கடைசிக் கண்ணியில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பி, வருகிற மணமகளுக்குத் தலைவணங்குகிறார்கள்.

அப்படித் திரும்பியபோதுதான் பார்த்தேன், வாசலுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் குளிரில் நின்றார். பாட்டு முடிந்தது. அந்த அம்மா அடுத்ததை எடுக்கவில்லை. துள்ளலில் இருந்த அறை அப்படியே அமர்ந்தது. அவர் உள்ளே வந்தார். சபை முழுவதும் அவரைப் பார்த்து ஒரே குரலில் ஒரு வாக்கியம் சொன்னது. சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கிக்கிற மற்றவர்களோடு தேவன் உன்னையும் தேற்றுவாராக. அந்த வாரம் அப்பாவை அடக்கம் பண்ணியவர் என்று பிறகு தெரிந்தது. துக்க வாரத்தில் இருக்கிறவர் இந்தச் சந்தோஷப் பாட்டு முடியும்வரை வெளியே நின்று, அதற்கப்புறம்தான் உள்ளே வருவார். அவர் உட்கார இடம் கொடுத்தார்கள். அதற்கப்புறமும் ஐந்தாறு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு 92ஆம் சங்கீதம், ஓய்வுநாளின் பாட்டு, ரொம்பத் தாழ்வாக, ஒற்றைக் குரலில் தொடங்கியது. சமையலறையில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுக்காத ஒன்று இருந்தது என்றால் இதுதான். ஒருவேளை சொல்லிக்கொடுக்கக் கூடியதாக இல்லையோ என்னவோ.

ராத்திரி விருந்துக்குப் பிறகு இரண்டு மணி நேரம்தான் தூக்கம். இரண்டரை மணிக்கு எழுந்து நடந்தேன், மழை விட்டிருந்தது.

ஆதேஸ் ஜெப ஆலயம் என் அறையிலிருந்து ஐந்து நிமிஷம். சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த யூதர்கள் 1901இல் கட்டியது. குளிர்காலம் முழுக்க, கூடாரப் பண்டிகை கழிந்ததிலிருந்து பஸ்கா வரை, ஓய்வுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு இங்கே 'பகஷோத்' பாடுகிறார்கள், வேண்டுதல் பாட்டுகள். மார்கழி அதிகாலையில் எழுந்து பழகிய ஊர்க்காரனுக்கு அந்த நேரம் அந்நியமாகத் தெரியவில்லை.

சுவர் முழுக்கப் பழைய ஓவியம், மூன்று பக்கமும் பெஞ்சுகள். இந்தப் பக்கத்தார் ஒரு கண்ணி, அந்தப் பக்கத்தார் ஒரு கண்ணி. தள்ளாத வயதுக்காரர்கள், அவர்கள் மடியில் சாய்ந்த பேரப்பிள்ளைகள். எல்லோருக்கும் மனப்பாடம், புத்தகம் திறந்திருந்தாலும் கண் அதில் இல்லை. அரபு மகாம்கள்தான் ராகங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஒருவர், யார் என்று முன்கூட்டித் தெரியாது, தனியாக ஒரு வசனத்தை விருத்தம் போல இழுத்துப் பாடுகிறார். முடிந்த பாட்டின் மகாமில் தொடங்கி, சுற்றி வளைந்து, அடுத்த பாட்டின் மகாமில் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவர் நிறுத்திய சுரத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து விழுகிறது அடுத்த பாட்டு. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு அந்த வாய்ப்பு வந்தது. ஹிஜாஸ் மகாம், நமக்கு மாயாமாளவகௌளையின் பூர்வாங்கம் போல இருக்கும். காந்தாரத்தில் குரல் கொஞ்சம் நடுங்கிவிட்டது. எதிர்ப் பெஞ்சில் இருந்த ஒரு தாத்தா கண்ணைத் திறக்காமல் அந்தச் சுரத்தை மட்டும் உதட்டுக்குள் பிடித்தார். பையன் அதைப் பற்றிக்கொண்டு மேலே போனான். முடித்ததும் பெஞ்சு பெஞ்சாக 'ஆ' என்று எழுந்த சத்தம், நம் கச்சேரியில் 'பலே' சொல்வது போல.

இங்கே நடத்துகிறவர் யார்? சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஒருவரைக் காட்ட முடியவில்லை.

விடியும்போது காலை ஜெபம் தொடங்கியது. அலெப்போ வழக்கப்படி ஒவ்வொரு வாரமும் வாசிப்புப் பகுதிக்கேற்ப ஒரு மகாம், அன்றைய ஜெபம் அதில்தான் நடக்கும். பாட்டின் ஓய்வுநாளுக்கு அஜம், நம் சங்கராபரணம். மூன்று மணியிலிருந்து நெளிந்து நெளிந்து போன காதுக்கு அந்தச் சுத்தமான ரிஷபமும் காந்தாரமும் வெளிச்சம் போலவே விழுந்தன.

கடல் பாட்டு வாசிக்கும்போது எல்லோரும் எழுந்து நின்றார்கள். தோராச் சுருளில் இந்தப் பாட்டை மட்டும் செங்கல் அடுக்கியது போல இடைவெளி விட்டு எழுதியிருப்பார்கள். "கர்த்தரைப் பாடுவேன், அவர் மகிமையாய் வெற்றிசிறந்தார்." இதில் மோசே எப்படிப் பாட்டு நடத்தினார் என்று தல்மூத்தில் ரபிமார் வாதாடியிருக்கிறார்களாம், பகல் சாப்பாட்டில் விருந்து கொடுத்தவர் சொன்னார், கேட்டதும் தட்டில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. ரபி அகிபா சொல்கிறார், மோசே வரிவரியாகப் பாட ஜனங்கள் 'கர்த்தரைப் பாடுவேன்' என்ற பல்லவியை மட்டும் திருப்பிச் சொன்னார்கள். இன்னொருவர் சொல்கிறார், இல்லை, மோசே சொன்ன ஒவ்வொரு வரியையும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். ரபி நெகேமியா சொல்கிறார், மோசே தொடங்கினார், அவ்வளவுதான், மீதியைச் சேர்ந்து பாடினார்கள். இரண்டாவதை வியாழக்கிழமை சுவரடியில் பார்த்தேன். மூன்றாவதை இன்று விடியற்காலை.

சாயங்காலம் மூன்றாம் சாப்பாடு, ரொட்டியும் கொஞ்சம் மீனும். ஓய்வுநாள் முடியும்வரை புதிதாக விளக்குப் போட மாட்டார்கள், இருட்டிக்கொண்டே வருகிறது, மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர், முகங்கள் மறைந்து குரல்கள் மட்டும் இருக்கின்றன. மெதுவான நிகுன்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று. நாலாவதாக, செவ்வாய்க்கிழமை நான் கற்றுக்கொண்டது வந்தது. எனக்குத் தெரிந்த பாட்டு! முதல் பகுதியில் உள்ளே நுழைந்தேன். எத்தனை தடவை போனது என்று எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் மேசையில் 'தும்' போடுவது என் கை என்று கவனித்தேன். இடது பக்கத்தில் இருந்தவர் 'தக' போட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிறு, விமான நிலையம்

தெல் அவீவிலிருந்து துபாய், அங்கிருந்து திருவனந்தபுரம், பிறகு பஸ்.

காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து எங்கள் கோவிலின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். மேடையிலிருந்து குழுவை இறக்கி முதல் இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவில் நிற்கவைக்க இடம் இருக்கிறது, ஸ்பீக்கர் ஒன்றை எடுக்க வேண்டியிருக்கும். ஆயரிடம் பேச வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒரே ஒரு பாட்டாவது கீபோர்டு இல்லாமல் என்று தொடங்கினால் எதிர்ப்பு வராது என்று நினைக்கிறேன். கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு மனம் நோகாமல் சொல்ல வேண்டும், நல்ல பையன், சுருதி பிடிப்பதில் அவன் உதவி எனக்குக் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் அந்த நிகுனை முனகிப் பார்த்தேன். முதல் பகுதி வந்தது, இரண்டாவது வந்தது, மூன்றாவதின் திருப்பம் வரவில்லை. நேற்று இருட்டில் பதினைந்து பேரோடு வந்தது, இங்கே தனியாக வரவில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டு பகுதியையும் பாடி வாட்ஸாப்பில் அனுப்பி, மீதி என்ன என்று கேட்டேன்.

போர்டிங் தொடங்கும்போது பதில் வந்தது, நாற்பது விநாடிக் குரல் பதிவு. மூன்றாம் பகுதியை இரண்டு தடவை பாடியிருக்கிறார். பின்னால் பாத்திரத்தில் மரக்கரண்டி தட்டுகிற சத்தம், தும், தக.